செவ்வாய் மதியம் இரண்டரை மணி: பேரன் படிக்கும் பள்ளியின் ஆங்கிலத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி முதல்வர், ஆங்கிலத் துறைத் தலைவர், ஆலோசனைக் குழுவினர், பெற்றோர் ஆதரவுக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் என் மருமகளின் கைத்தொலைபேசிக்குப் பேரண்ட்ஸ் கேட்வே செயலி வழியாக உங்கள் அறிவிப்பு ஒன்று வந்தது. சின்னத் திரையில் படிக்க என் கண் ஒத்துழைப்பதில்லை என்பதால் அலுவலகத்தில் அச்செடுத்து வந்து கொடுத்தாள். அடுத்த தவணையில் பள்ளி முடிந்த பிறகு நடக்கப்போகும் ஆங்கில வகுப்புகளின் பட்டியல். மொத்தம் நான்கு. மேடைப்பேச்சும் விவாதமும் ஒன்று. சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிப் பாடங்களுக்கு உள்ள ஜி1, ஜி2, ஜி3 என்ற மூன்று நிலைகளில் ஆகக் கடினமான ஜி3இல் ஆங்கிலம் படிப்பவர்களில் ஆசிரியர்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் இருபது பேருக்கு. படைப்பெழுத்து ஒன்று, வெளியிலிருந்து பயிற்றுநர் வருகிறார், அதுவும் ஜி3 பிள்ளைகளுக்கே. நாடகம் ஒன்று, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் நடித்துக் காட்டச் சொல்லி ஆள் எடுப்பார்களாம். நான்காவது, 'ஆங்கில வலுவூட்டல்'. ஜி2, ஜி1 நிலை மாணவர்களுக்குக் கட்டாயம். செவ்வாயும் வியாழனும், மதியம் இரண்டரை முதல் நான்கு வரை. கட்டணத்தை, பிள்ளையின் பேரில் அரசாங்கம் பணம் போடும் எடுசேவ் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளப் பெற்றோர் சம்மதம் தெரிவிக்க வேண்டும். கடைசி நாள் இந்த வெள்ளிக்கிழமை.

என் பேரன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். ஆங்கிலம் ஜி2. பட்டியலில் அவனுக்குத் திறந்திருப்பது நான்காவது கதவு மட்டுந்தான். அதிலும் உள்ளே தள்ளித்தான் விடுகிறீர்கள்.

ஆங்கில வகுப்பைப் பற்றிய மனக்குறையை ஒரு கிழவன் தமிழில் எழுதுகிறானே என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். மகன் இதையே ஆங்கிலத்தில் எழுதி உங்களுக்குத் தனியாக அனுப்பப் போகிறான். நான் தமிழில் பொதுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இதைப் போன்ற அறிவிப்பு வேறு பள்ளிகளிலிருந்து வேறு வீடுகளுக்கும் வந்திருக்கும். அந்த வீடுகளிலும் என்னைப் போல் ஒருவர் மூலையில் உட்கார்ந்து, 'ஆங்கிலத்தைப் பற்றி நமக்கென்ன தெரியும், பள்ளி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பார். அவர் காதில் விழ வேண்டும்.

எனக்குக் கொஞ்சம் தெரியும். எப்படித் தெரிந்தது என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் படித்தது தஞ்சோங் பகார் வட்டாரத்தில் இருந்த உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில். கடையநல்லூர்க்காரர்கள் 1946இல் தொடங்கிய பள்ளி அது. 1960இல் உயர்நிலை வகுப்புகள் வந்தன. சிங்கப்பூரில் தமிழிலேயே உயர்நிலைக் கல்வி தந்த பள்ளி அது ஒன்றுதான். ஆங்கிலம் எங்களுக்கு ஒரு பாடமாக இருந்தது. பயிற்சி எழுதுவோம், ஆசிரியர் சிவப்பு மையில் திருத்துவார், திருத்தியதைப் பார்த்து மறுபடி எழுதுவோம். உயர்நிலையில் இருந்த நான்கு ஆண்டுகளில் ஆங்கிலத்தில் நான் வாய்திறந்து சொன்னவை 'யெஸ் சேர்', 'நோ சேர்' இரண்டுதான் என்று நினைவு. அவசரத்துக்கு 'டாய்லெட்'டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தேசிய சேவையில் அணிவகுப்புக் கட்டளைகள் மலாயில் இருந்ததால் பிழைத்தேன். 'செடியா', 'செனாங் டிரி' எல்லாம் கம்பத்துப் பையனுக்குக் காதில் ஊறிய சத்தங்கள். அதன் பிறகு ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை. 1978 அக்டோபரில் வேறொரு பட்டறையில் நின்றிருந்த ஸ்பைரோஸ் என்ற எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் இடத்திலும் பாதுகாப்புப் பேச்சு கூடிவிட்டது. காலையில் மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்வார், நாங்கள் தலையாட்டுவோம். தொட்டிக்குள் வாயு இருக்கிறதா என்று சோதித்தாயிற்றா எனக் கேட்காமலே உள்ளே இறங்கிய நாள்கள் எனக்கு உண்டு. கேட்க வேண்டும் என்று தெரியும். தமிழில் வாக்கியம் நாக்கு நுனியில் நிற்கும். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் தப்பும் தவறுமாகவாவது எழுதியிருப்பேன். ஆனால் தொட்டி வாயில் நிற்பவனிடம் தாளும் பேனாவும் யார் கொடுக்கிறார்கள்?

1983இல் தொழிலாளர்களுக்கென்று 'பெஸ்ட்' என்ற அடிப்படைக் கல்வித் திட்டம் வந்தது. ஆங்கிலமும் கணக்கும். எனக்கு இருபத்தெட்டு வயது, கைக்குழந்தை வேறு. வேலை முடிந்து கிரீஸ் நாற்றத்தோடு போய் உட்காருவோம். எங்களுக்கு வாய்த்த ஆசிரியை ஒரு மலாய்ப் பெண்மணி. முதல் நாள் அவர் பலகைப் பக்கமே போகவில்லை. பட்டறையில் இரும்பு தூக்கப் பயன்படும் செயின் பிளாக் ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கி, இரண்டு பேரை விட்டுத் தூக்கி வரச்செய்து, மேசைமேல் தொப்பென்று வைக்கச் சொன்னார். "எனக்கு இதைப் பயன்படுத்தத் தெரியாது. என் கை நசுங்காமல் நான் வீட்டுக்குப் போக வேண்டும். என்ன செய்யட்டும், சொல்லுங்கள்" என்றார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு சீனத் தோழர் 'ஹூக்' என்றார். நான் 'அப்' என்றேன். அந்த அம்மாள் கொக்கியைத் தூக்கித் தன் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டார். பத்துப் பேரும் ஒரே குரலில் 'நோ, நோ' என்று கத்தினோம். அவ்வளவுதான், கூச்சம் போய்விட்டது. ஒன்றரை மணி நேரத்தில் எங்களிடமிருந்து ஏழு வாக்கியங்களைக் கறந்துவிட்டார். கடைசிப் பத்து நிமிடத்தில்தான் அவற்றைப் பலகையில் எழுதினார். எங்கள் பிழைகளோடு அப்படியே எழுதி, ஒவ்வொன்றாக எங்களையே திருத்த வைத்தார். அந்த ஏழும் இன்றைக்கும் எனக்கு வரிசை மாறாமல் வரும்.

வாய் முதலில், தாள் பிறகு. உங்கள் வலுவூட்டல் வகுப்பு இதைத் தலைகீழாகச் செய்கிறது என்று எழுத நினைத்தேன். தலைகீழாகச் செய்தால்கூடத் தேவலை. கடைசியிலாவது வாய் வந்திருக்கும். அங்கே வாய்க்கு இடமே கிடையாது.

சென்ற ஆண்டும் பேரன் இதே வகுப்பில் உட்கார்ந்தான். அவனுக்குக் கொடுத்த பயிற்சி ஏட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டினேன். பாதிக்கு மேல் பிழைதிருத்தம். உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றப் பெற்றோருக்காகச் சொல்கிறேன். பன்னிரண்டு வரியில் ஒரு பத்தி. முதல் வரியும் கடைசி வரியும் சரியானவை. நடுவில் உள்ள பத்து வரிகளில் எட்டில் ஆளுக்கொரு பிழை, இரண்டில் பிழை கிடையாது. தவறான சொல்லை வட்டமிட்டு எதிரே சரியானதை எழுத வேண்டும். பிழையில்லாத வரிக்குச் சரிக்குறி போட வேண்டும். இதற்குப் பேரன் சொந்தமாக ஒரு சூத்திரம் கண்டுபிடித்து வைத்திருக்கிறான். வரியில் 'இஸ்' இருந்தால் 'ஆர்' ஆக்குவான், 'ஆர்' இருந்தால் 'இஸ்' ஆக்குவான். இரண்டும் இல்லாவிட்டால் 'இன்'னைப் பிடித்து 'ஆன்' ஆக்குவான். அதுவும் இல்லாத வரிக்குச் சரிக்குறி. "எப்படியும் நாலு மார்க் வந்துவிடும் தாத்தா" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

பிழையை முதலில் பிடிப்பது காது. 'அவன் வந்தாள்' என்று யாராவது சொன்னால் மூன்று வயதுத் தமிழ்க் குழந்தை திரும்பிப் பார்க்கும். அதற்கு யாரும் பயிற்சி ஏடு கொடுக்கவில்லை. சரியான வாக்கியத்தை ஆயிரம் தடவை கேட்டு, நூறு தடவை சொல்லிப் பார்த்த காது அது. ஆங்கிலத்தில் அந்த ஆயிரத்துக்கும் நூறுக்கும் வழியில்லாத பிள்ளையிடம் போய்ப் பிழையைக் கண்டுபிடி என்றால், அவன் சூத்திரம்தான் கண்டுபிடிப்பான்.

தேர்வுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். என் மூத்த பேத்தி 2023இல் ஓ லெவல் எனப்படும் சாதாரண நிலைத் தேர்வு எழுதினாள். அந்த ஆண்டுதான் ஆங்கிலப் பாடத்திட்டம் புதிதாக மாறியது. வாய்மொழித் தேர்வில் பத்தியை உரக்கப் படிக்கும் பகுதி போய்விட்டது. ஒரு காணொளியைப் பார்த்து, மனத்தில் திட்டமிட்டுக்கொண்டு, தன் கருத்தைத் தானே பேச வேண்டும். பிறகு தேர்வாளரோடு உரையாட வேண்டும். இதற்கு 20 விழுக்காடு. கேட்டலுக்கு 10. எழுத்துக்கும் கருத்தறிதலுக்கும் ஆளுக்கு 35. அதாவது முப்பது விழுக்காடு வாயிலும் காதிலும் இருக்கிறது. என் பேரனின் கூட்டம் 2027இல் முதன்முதலாக எழுதப்போகும் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்விலும் பேச்சும் கேட்டலும் இருக்கத்தான் போகின்றன. உங்கள் ஏட்டில் அவற்றுக்கு ஒரு பக்கம் இல்லை. மதிப்பெண்தான் குறி என்று வைத்துக்கொண்டாலும் இது நட்டக் கணக்கு.

எழுத்துத் தாளைத் திருத்துவதற்கு இப்போது இயந்திரமே வந்துவிட்டது. கல்வி அமைச்சின் மாணவர் கற்றல் தளத்தில், பிள்ளை எழுதியதைப் படித்து எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை எங்கே என்று சுட்டிக்காட்டும் செயற்கை நுண்ணறிவுக் கருவி இருக்கிறது. பேரன் தன் மடிக்கணினியில் எனக்குக் காட்டினான். இரவு பத்து மணிக்கும் அது சலிக்காமல் திருத்துகிறது. அப்படியானால், ஒரு மனித ஆசிரியர் இருபத்தைந்து பிள்ளைகளோடு ஒரே அறையில் ஒன்றரை மணி நேரம் இருக்கும் வாய்ப்பை, அந்த இயந்திரம் செய்கிற வேலைக்கே செலவழிப்பானேன்?

அவனுக்குச் சொல்ல விஷயம் இல்லையோ என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தச் சந்தேகத்தை நான் தீர்த்து வைக்கிறேன்.

உங்கள் பள்ளியில் தமிழ் இல்லை. அதனால் பேரன் வாரம் இருமுறை பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போய்த் தமிழ் படிக்கிறான். நான் படித்த பள்ளி 1982இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் அந்த நிலையத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. முதல் நாள் அவனைக் கொண்டுபோய் விட்டபோது பெயர்ப்பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். 'என்ன தாத்தா, வழி தெரியவில்லையா?' என்றான். அது போகட்டும்.

தமிழ் வாய்மொழித் தேர்வில் காணொளி பல ஆண்டுகளாகவே இருக்கிறது. ஆங்கிலம்தான் பிந்தி வந்து சேர்ந்துகொண்டது. ஒரு நாள் வகுப்பில், உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்ட தட்டை நாமே திருப்பி வைப்பது பற்றி ஒரு காணொளி காட்டியிருக்கிறார்கள். 2021இலிருந்து அது கட்டாயமாகிவிட்டதல்லவா, அதனால் துப்புரவு வேலை செய்யும் முதியவர்களுக்கு வேலை போய்விடுமா என்று விவாதம். வகுப்பு முடிந்து ஃபேரர் பார்க் எம்ஆர்டி பக்கம் நடந்து வரும்போது அவன் என்னிடம் சொன்னான்: "தட்டை நாம் எடுத்து வைத்தாலும் மேசையைத் துடைக்க ஆள் வேண்டும்தானே தாத்தா. அவர்களுக்கு வேலை போகாது. முதுகுவலிதான் போகும்."

நான் அங்கேயே நின்றுவிட்டேன். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாகப் பேசத் தெரிய வேண்டுமா? "இதையே ஆங்கிலத்தில் சொல்" என்றேன். 'ஈவன் இஃப்' என்று நன்றாகத்தான் தொடங்கினான். தட்டு வரை வந்தான். மேசையைத் துடைப்பதில் தடுக்கினான். முதுகுவலிக்கு வருவதற்குள் முகம் சிவந்து, "தெரியவில்லை தாத்தா, விடுங்கள்" என்று முன்னால் வேகமாக நடந்துவிட்டான். முதுகுக்கும் வலிக்கும் அவனுக்கு ஆங்கிலச் சொல் தெரியாதா என்ன? இரண்டும் தெரியும். தொட்டி வாயில் நின்ற என்னைத்தான் நான் அங்கே பார்த்தேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. வகுப்பு முடிந்ததும் தேக்காவில் ஆளுக்கொரு தே தாரிக். தேநீர் தீரும் வரை ஆங்கிலம், தீர்ந்தபின் தமிழ். முதல் சில வாரங்கள் பயல் சூட்டைக்கூடப் பார்க்காமல் நான்கு மடக்கில் குடித்து முடித்துவிடுவான். இப்போதெல்லாம் காற்பந்தைப் பற்றி ஏதாவது தொடங்கினால் கோப்பை ஆறி ஆடை கட்டிவிடுகிறது. என் ஆங்கிலம் கப்பல் பட்டறை ஆங்கிலம். அவன் என்னிடமிருந்து இலக்கணம் கற்க முடியாது. ஆனால் தப்பாகப் பேசினால் தலை போய்விடாது என்பதை ஒருவேளை கற்றுக்கொள்கிறான். ஒரு கோப்பைத் தேநீருக்கே இவ்வளவு என்றால், பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர் வாரம் மூன்று மணி நேரத்தில் என்னென்ன செய்யலாம்!

இனி, வலிக்கிற இடத்துக்கு வருகிறேன்.

என் மகன் வழக்கநிலை என்ற மெதுவான பிரிவில் படித்தவன். அப்போது துணைப் பிரதமராக இருந்த கோ கெங் சுவீ தலைமையிலான குழு 1979இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் முறை வந்தது. மெதுவாகப் படிப்பவர்கள் பாதியில் பள்ளியைவிட்டு ஓடாமல் இருக்கட்டும் என்பது நோக்கம்; அந்த நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன், ஓடியவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் நாற்பது வயதைக் கடந்த என் மகன் இன்றைக்கும் எந்தப் பிரிவில் படித்தாய் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுகிறான். விரைவுநிலை, வழக்கநிலை என்ற பெயர்களையெல்லாம் அமைச்சு எடுத்துவிட்டது. 2024இல் உயர்நிலை ஒன்றுக்கு வந்த பிள்ளைகள்தான் அந்த முத்திரை இல்லாத முதல் கூட்டம். என் பேரன் அதில் ஒருவன். கணிதம் ஜி3, ஆங்கிலம் ஜி2, என்றாலும் எல்லாரோடும் கலந்த வகுப்பு. இசை, ஓவியம், உடற்பயிற்சி எல்லாம் ஒன்றாக. மகன் அந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு நீண்ட நேரம் பால்கனியில் நின்றான்.

காலையில் எடுத்த அந்த முத்திரையைத்தான் மதியம் இரண்டரை மணிக்கு நீங்கள் மறுபடி குத்துகிறீர்கள். கலந்து உட்கார்ந்திருந்த வகுப்பிலிருந்து ஜி3 பிள்ளைகள் எழுந்து விவாதத்துக்கும் நாடகத்துக்கும் போகிறார்கள். மற்றவர்கள் ஏட்டைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போகிறார்கள். இருட்டில் வைத்து இதைச் செய்வதாக நான் சொல்லவில்லை. நன்றாகப் பேசுபவர்களுக்குப் பேச்சு வகுப்பு, எழுத்தில் தடுமாறுபவர்களுக்கு எழுத்து வகுப்பு என்று யாரோ நல்லெண்ணத்தில்தான் திட்டமிட்டிருப்பார்கள். ஆனால் அதன் பொருள் என்ன? வீட்டிலும் ஆங்கிலம் பேசி, நண்பர்களோடும் ஆங்கிலம் பேசி, பேசிப் பேசி வாய் பழுத்த பிள்ளைக்கு மேலும் பேச மேடை. பேசவே வாய்ப்பில்லாத பிள்ளைக்கு வாயைப் பொத்தி ஒரு ஏடு. நீந்தத் தெரிந்தவனைக் குளத்தில் இறக்கி, தெரியாதவனைக் கரையில் உட்காரவைத்து நீச்சலைப் பற்றி எழுதச் சொன்ன கதை.

செவ்வாயையும் வியாழனையும் நீங்கள் தேர்ந்தெடுத்ததில் இன்னொரு சிக்கல். பேரனுக்குத் தமிழ் வகுப்பும் அதே இரண்டு நாள்களில், நான்கு மணிக்கு. உங்கள் பள்ளியிலிருந்து பீட்டி சாலைக்கு பஸ்ஸும் ரயிலுமாக முப்பத்தைந்து நிமிடம். மருமகள் பள்ளிக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டாள். "தமிழ் வகுப்புக்கு அரை மணி தாமதமாகப் போனால் பரவாயில்லை, அங்கே சொன்னால் புரிந்துகொள்வார்கள்" என்று பதில் வந்ததாம். யார் சொன்னார்கள் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் கெட்டவர் இல்லை, கை நிறைய வேலையோடு இருப்பவர். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆங்கில வகுப்புக்கு அரை மணி தாமதமாகப் போனால் பரவாயில்லை என்று தமிழ் நிலையத்திலிருந்து யாராவது சொல்லியிருந்தால் நீங்கள் புரிந்துகொண்டிருப்பீர்களா? இந்நாட்டில் தாய்மொழியும் தேர்வு எழுத வேண்டிய பாடம். தொடக்கக் கல்லூரிக்குப் புள்ளி கணக்கிடும்போது முதல் மொழி என்ற இடத்தில் ஆங்கிலத்தை வைக்கலாம், உயர்தமிழையும் வைக்கலாம். மூத்த பேத்தி வைத்தது உயர்தமிழைத்தான். அமைச்சே அந்த நாற்காலியில் தமிழை உட்காரவைக்கும்போது, நீங்கள் அதை வாசலில் அரை மணி நிற்கச் சொல்கிறீர்கள்.

அதே தொலைபேசிப் பேச்சில் இன்னோர் அறிவுரையும் வந்தது. வீட்டில் தமிழைக் குறைத்து ஆங்கிலம் பேசிப் பாருங்கள் என்று.

அன்றிரவு மருமகள் அதை நடைமுறைப்படுத்தப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் எல்லாரும் ஆங்கிலம். ரசத்தை நகர்த்தச் சொல்வதற்கே நாங்கள் யோசிக்க வேண்டியிருந்தது. பத்து நிமிடத்தில் மேசை அமைதியாகிவிட்டது. கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. என் மனைவி இருந்திருந்தால் எழுந்தே போயிருப்பாள். நாங்கள் பேசும் ஆங்கிலத்தை நாள் முழுதும் கேட்டால் அவன் ஆங்கிலம் மேம்படுமா, அல்லது எங்கள் ஆங்கிலத்தோடு தமிழும் சேர்ந்து நொண்டுமா? மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2010இல் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசியவர்கள் 32.3 விழுக்காடு, 2020இல் 48.3. தமிழ் 3.3இலிருந்து 2.5க்கு இறங்கிவிட்டது. பாதி நாடு ஏற்கெனவே ஆங்கிலத்தில் சாப்பிடுகிறது. மிச்சமிருக்கும் இந்த இரண்டரையிலுமா கைவைக்க வேண்டும்? தட்டையும் முதுகுவலியையும் பற்றி அவன் யோசித்தது தமிழில். அந்த யோசனையை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வழி கேட்கிறோம். யோசிக்கிற இடத்தையே மூடச் சொல்கிறீர்கள்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். வலுவூட்டல் வகுப்பை ஒழிக்கச் சொல்லவில்லை. அதில் பாதி நேரத்தை, குறைந்தது ஒரு நாளையாவது, முழுக்கப் பேச்சுக்கு விடுங்கள். காணொளி காட்டுங்கள், பொருளைக் கொடுத்து விளக்கச் சொல்லுங்கள், இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துச் சண்டைகூடப் போடச் சொல்லுங்கள், ஆங்கிலத்தில். பேசியதை எழுதச் சொல்லி, பிறகு திருத்துங்கள். ஏடும் அப்போது பயன்படும். விவாதத்துக்கும் நாடகத்துக்கும் ஆள் எடுக்கும்போது நிலை எண்ணைப் பார்க்காதீர்கள். இருபது இடத்தில் ஐந்தை விரும்பி வரும் ஜி2, ஜி1 பிள்ளைகளுக்கு ஒதுக்கிப் பாருங்கள். ஜி3 பிள்ளைகளுக்கு அதனால் நட்டம் ஏதுமில்லை; தட்டைப் பற்றி என் பேரன் சொன்னதைக் கேட்டுப் பதில் சொல்ல அவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். அரசாங்கம் உயர்நிலை மாணவர் ஒருவருக்கு ஆண்டுதோறும் எடுசேவ் கணக்கில் 290 வெள்ளி போடுகிறது. அது பிள்ளையின் பணம். எந்த வகுப்புக்கு அது போக வேண்டும் என்று பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பெற்றோர் ஆதரவுக் குழுவினரே, இந்த ஒன்றையாவது நீங்கள் அடுத்த கூட்டத்தில் எழுப்ப வேண்டும்.

வகுப்பு நடக்கும் நாள்களை மாற்றுவது இவற்றையெல்லாம்விட எளிது. திங்களுக்கோ புதனுக்கோ தள்ளினால் போதும். வேறு மையங்களுக்குப் போய்த் தாய்மொழி படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், எந்தெந்த நாளில் என்று பள்ளி அலுவலகத்தில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பட்டியல் வந்துவிடும்.

ஆங்கில ஆசிரியர்களின் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. கட்டுக் கட்டாகத் தாள்களைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ரயிலில் நின்றபடியே திருத்துவதைப் பார்த்திருக்கிறேன். இருபத்தைந்து பிள்ளைகளைப் பேசவைப்பது இருபத்தைந்து தாள்களைத் திருத்துவதைவிடக் களைப்பான வேலை என்பதும் தெரியும். ஆள் பற்றாக்குறைதான் தடை என்றால் அதற்கு ஒரு யோசனை இருக்கிறது. என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர் மதியத்தில் சும்மா இருக்கிறார்கள்: டாக்சி ஓட்டியவர்கள், தாதியாக இருந்தவர்கள், கடை வைத்திருந்தவர்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் உண்டு. பிள்ளைகள் எங்களைக் கேள்வி கேட்கட்டும், நாங்கள் எங்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறோம். செயின் பிளாக் வேண்டுமானால் நான் தேடிக் கொண்டுவருகிறேன். நான் பேசுவதில் வரிக்கு ஒரு பிழை இருக்கும். பிள்ளைகள் வட்டமிட்டுத் திருத்தட்டும். பிழையில்லாத வரி ஒன்றிரண்டு வந்தால் அதற்குச் சரிக்குறி போட மறக்க வேண்டாம்.

மருமகள் இன்னும் செயலியில் சம்மதத்தை அழுத்தவில்லை. வெள்ளிக்கிழமை மாலை வரை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உயர்நிலை மூன்று மாணவர் ஒருவரின் தாத்தா,
தோ பாயோ.